செயலியின் கேச் நினைவகம்: வரலாறும் மடிக்கணினியில் அதன் அமைப்புகளும்

கேச் நினைவகம் என்பது கணினியின் செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் (ரேம்) இடையில் அமைந்துள்ள, அளவில் சிறிய, மிக வேகமான நினைவகம் ஆகும். பதுக்கு நினைவகம் என்றும் இதைத் தமிழில் குறிப்பிடுவதுண்டு. இணைய உலாவி சேமித்து வைக்கும் பக்கங்களும், வன்வட்டின் தற்காலிகச் சேமிப்பும் 'கேச்' என்றே அழைக்கப்படுகின்றன. அவை வேறு. இக்கட்டுரை செயலியின் கேச் நினைவகத்தை மட்டும் பற்றியது.

1968இல் ஒரு பெருங்கணினியில் அறிமுகமான இந்நினைவகம் இன்று ஒவ்வொரு மடிக்கணினியிலும் செயலிச் சில்லின் உள்ளேயே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1980களின் பிற்பகுதி முதல் 1990களின் இறுதி வரை, கேச் நினைவகத்தை இயக்குவதும் நிறுத்துவதும் பயனர் கையில் இருந்தது. பிறகு அந்தப் பொறுப்பைச் செயலியும் பயாஸும் எடுத்துக்கொண்டன. ஆனால் பழைய காலத்து அறிவுரைகள் மறையவில்லை. கணினி மெதுவானால் 'கேச் அமைப்பை மாற்று' என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. அது எப்போது உண்மையாக இருந்தது, எப்போது பொருளற்றுப் போனது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

ஏன் தேவைப்பட்டது?

சமையலறையை எடுத்துக்கொள்வோம். தாளிக்கும்போது கடுகும் சீரகமும் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியில் தீர்ந்தால் அலமாரியில் உள்ள டப்பாவை எடுக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தாளிப்புக்கும் கடைக்குப் போய் வந்தால் அடுப்பு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் சமையல் முடியாது.

செயலியின் நிலையும் இதுவே. முதன்மை நினைவகமாகப் பயன்படும் டிராம் வகையில் ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். ஆகவே அது மலிவானது, ஆனால் மெதுவானது. கேச் நினைவகமாகப் பயன்படும் எஸ்ரேம் வகையில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. அது வேகமானது, ஆனால் விலை அதிகம், இடமும் அதிகம் பிடிக்கும். எனவே எல்லாத் தரவையும் எஸ்ரேமில் வைக்க இயலாது. அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் அருகில் வைத்துக்கொள்வதே கேச் நினைவகத்தின் தத்துவம்.

நிரல்களின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. ஒரு நிரல் இப்போது பயன்படுத்திய தரவைச் சிறிது நேரத்தில் மீண்டும் பயன்படுத்தும்; ஓர் இடத்தைத் தொட்டால் அதன் பக்கத்து இடத்தையும் விரைவில் தொடும். இதனால் சிறிய கேச் கூடப் பெரும்பாலான தேவைகளை நிறைவேற்றிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். கேச்சிலிருந்து எடுக்க 1 நானோநொடியும், முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க 100 நானோநொடியும் ஆகும் எனக் கொள்வோம். நூற்றுக்கு 99 முறை தரவு கேச்சில் கிடைத்தால் சராசரி நேரம் 1.99 நானோநொடி. நூற்றுக்கு 95 முறை மட்டும் கிடைத்தால் அது 5.95 நானோநொடி. கிடைக்கும் விகிதம் நான்கு புள்ளி குறைந்ததற்கே நேரம் மூன்று மடங்காகிறது. கேச் நினைவகத்தில் ஏற்படும் சிறு கோளாறும் கணினி முழுவதையும் மந்தமாக்குவது இதனால்தான்.

தோற்றம்

இக்கருத்தை முதலில் தெளிவாக எழுதி வெளியிட்டவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ். 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியை உருவாக்கியவர் இவர். 1965இல் வெளியான இரண்டு பக்கக் கட்டுரையில், பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று விளக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'அடிமை நினைவகம்' என்பதாகும்.

வணிக முறையில் இதை முதலில் கொண்டுவந்தது ஐபிஎம் நிறுவனம். 1968 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 மாடல் 85 என்னும் பெருங்கணினியில் 16 கிலோபைட்டு கேச் இருந்தது. அதை 32 கிலோபைட்டு வரை கூட்டிக்கொள்ளலாம். அதன் செயலியின் ஒரு சுழற்சி 80 நானோநொடி. முதன்மை நினைவகமோ ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோநொடி எடுத்துக்கொண்டது. அதாவது நினைவகம் செயலியைவிடப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக இருந்தது.

இக்கணினியின் வடிவமைப்பை ஜே. எஸ். லிப்டே என்ற பொறியாளர் ஐபிஎம் ஆய்விதழில் விளக்கி எழுதினார். 'உயர்வேக இடையகம்' என்ற நீண்ட சொல்லுக்கு மாற்றாக 'கேச்' என்ற சொல்லை முன்மொழிந்தவர் அவ்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சன். 'மறைத்து வை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. நிரல் எழுதுபவர் கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்யும் நினைவகத்துக்கு அது பொருத்தமான பெயராக நிலைத்துவிட்டது.

தாய்ப்பலகையில் கேச்: பயனர் கைக்கு வந்த அமைப்புகள்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் கேச் நினைவகம் இல்லை. அதன் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்சு வேகத்தில் ஓடியது. அந்த வேகத்துக்கு டிராம் ஈடுகொடுத்தது. 1985இல் இன்டெல் 80386 வந்து, அதன் வேகம் படிப்படியாக உயர்ந்தபோது நினைவகம் பின்தங்கியது. உற்பத்தியாளர்கள் தாய்ப்பலகையில் தனி எஸ்ரேம் சில்லுகளைப் பொருத்தத் தொடங்கினர்.

1989இல் வெளியான 80486 செயலியில் 8 கிலோபைட்டு கேச் சில்லின் உள்ளேயே இடம்பெற்றது. தாய்ப்பலகையில் இருந்த சில்லுகள் இரண்டாம் நிலை ஆயின. உள்ளே இருப்பது எல்1 என்றும், வெளியே இருப்பது எல்2 என்றும் அழைக்கும் வழக்கம் நிலைபெற்றது.

இக்காலத்தில்தான் பயாஸ் பட்டியலில் 'உள் கேச்', 'வெளிக் கேச்' என்ற இரு வரிகள் தோன்றின. ஒவ்வொன்றையும் இயக்கலாம், நிறுத்தலாம். எழுதும் முறையையும் சில பலகைகளில் தேர்ந்தெடுக்கலாம். கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் அப்போதே பேரேட்டில் எழுதுவது ஒரு முறை. சிட்டையில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவது மற்றொரு முறை. முதல் முறையில் கேச்சில் மாறும் ஒவ்வொரு தரவும் உடனே முதன்மை நினைவகத்திலும் எழுதப்படும். இரண்டாம் முறையில் பிறகு எழுதப்படும். அது வேகமானது, ஆனால் அதற்குச் சிக்கலான கட்டுப்பாடு தேவை.

இந்த அமைப்புகள் பழுது பார்ப்போருக்கு உண்மையிலேயே பயன்பட்டன. காரணமில்லாமல் கணினி நின்றுபோனாலோ, இயங்குதளத்தை நிறுவும்போது பிழை வந்தாலோ, முதலில் வெளிக் கேச்சை நிறுத்திப் பார்ப்பார்கள். பிழை நின்றுவிட்டால் பழுது எஸ்ரேம் சில்லில் இருப்பதாகப் பொருள். சோதனைக்குப் பின் அதை மீண்டும் இயக்க மறந்தால் கணினி மிகவும் மெதுவாகிவிடும். 'கேச் அமைப்பைச் சரிபார்' என்ற அறிவுரை பிறந்த இடம் இதுவே.

இக்காலத்தில் மோசடியும் நடந்தது. 1990களின் நடுப்பகுதியில் சில மலிவான 486 தாய்ப்பலகைகளில் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுப் பிளாஸ்டிக் துண்டுகள் எஸ்ரேம் சில்லுகளைப் போலப் பொருத்தப்பட்டிருந்தன. கணினி தொடங்கும்போது கேச் இருப்பதாகத் திரையில் தெரியும்படி பயாஸும் மாற்றப்பட்டிருந்தது. வேகத்தை அளந்து பார்க்கும் நிரல்களே உண்மையை வெளிப்படுத்தின. திரையில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

நினைவகம் கூட்டினால் வேகம் குறைந்த விந்தை

1997இல் இன்டெல் வெளியிட்ட 430டிஎக்ஸ் சில்லுத்தொகுதி மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பயன்பட்டது. அது 256 மெகாபைட்டு வரை ரேம் ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்2 கேச் கவனித்துக்கொண்டது முதல் 64 மெகாபைட்டை மட்டுமே. அதற்கு மேற்பட்ட பகுதியில் அமர்ந்த நிரலும் தரவும் எல்2 கேச்சின் உதவியில்லாமல் இயங்கின. இதனால் பணம் செலவழித்து ரேமைக் கூட்டிய சிலர், அதே கணினி சில வேலைகளில் முன்னைவிட மெதுவானதைக் கண்டனர். இதைச் சரிசெய்ய எந்த அமைப்பும் இல்லை. வரம்பு சில்லுத்தொகுதியின் வடிவமைப்பிலேயே இருந்தது.

செயலிக்குள் நுழைந்த கேச்

1995 நவம்பரில் வெளியான பென்டியம் புரோ, எல்2 கேச்சைச் செயலியின் உறைக்குள்ளேயே கொண்டுவந்தது. அது விலை உயர்ந்தது. 1997இல் வந்த பென்டியம் 2இல் செயலியும் 512 கிலோபைட்டு எல்2 சில்லுகளும் ஒரே அட்டையில் இருந்தன; ஆனால் எல்2 செயலியின் பாதி வேகத்திலேயே ஓடியது.

கேச்சின் அருமையை வாங்குவோருக்கு உணர்த்தியது செலரான். 1998 ஏப்ரலில் மலிவு விலைச் செயலியாக வந்த 266 மெகாஹெர்ட்சு செலரானில் எல்2 கேச் முற்றிலும் நீக்கப்பட்டிருந்தது. மெகாஹெர்ட்சு எண் பெரிதாக இருந்தும் அன்றாட அலுவலக வேலைகளில் அது ஏமாற்றம் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான செலரான் 300ஏ செயலியில் 128 கிலோபைட்டு எல்2 சில்லின் உள்ளேயே, செயலியின் முழு வேகத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டது. அளவில் பென்டியம் 2இன் நான்கில் ஒரு பங்கே இருந்தாலும் பல வேலைகளில் அதற்கு நெருக்கமாக வந்தது. கேச்சில் அளவு மட்டுமன்றி வேகமும் முக்கியம் என்பது இதனால் விளங்கியது.

எல்2 சில்லுக்குள் சென்றதும் தாய்ப்பலகை எஸ்ரேம் சில்லுகள் மறைந்தன. அவற்றோடு பயாஸ் வரிகளும் மெல்ல மறைந்தன.

மடிக்கணினியில் கேச்

மடிக்கணினியில் கேச் நினைவகத்துக்கு வேகத்தோடு மின்சிக்கனமும் ஒரு கடமை. முதன்மை நினைவகத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு பயணமும் மின்கலத்தின் ஆற்றலைச் செலவழிக்கிறது. ஆனால் கேச் சில்லுகளும் மின்சாரம் உண்பவையே. எனவே 1990களில் விலை, இடம், மின்சாரம் ஆகிய மூன்றையும் மிச்சப்படுத்த, பல மடிக்கணினிகள் எல்2 இல்லாமலே வெளிவந்தன. ஒரே செயலி, ஒரே மெகாஹெர்ட்சு என்று விளம்பரப்படுத்தப்பட்ட இரு மடிக்கணினிகள் வேகத்தில் வேறுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1999 ஜனவரியில் மடிக்கணினிக்கான பென்டியம் 2 செயலியில் 256 கிலோபைட்டு எல்2 சில்லின் உள்ளேயே வந்தது. 2003 மார்ச்சில் வெளியான பென்டியம் எம் பெரிய திருப்பம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் வடிவமைக்கப்பட்ட அச்செயலியில் 1 மெகாபைட்டு எல்2 இருந்தது. அது சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தேவைப்படும் பகுதிக்கு மட்டும் மின்சாரம் செலுத்தப்பட்டது. குறைந்த கடிகார வேகத்திலும் நல்ல செயல்திறன் காட்டிய அந்த வடிவமைப்பின் வழியில்தான் 2006இல் கோர் டுயோ வந்தது. அதில் இரண்டு கருக்களும் 2 மெகாபைட்டு எல்2வைப் பகிர்ந்துகொண்டன.

பின்னர் எல்3 என்ற மூன்றாம் நிலையும் மடிக்கணினிகளில் பரவியது. 2020இல் வெளியான ஆப்பிள் எம்1 செயலியின் உயர்திறன் கருக்கள் 12 மெகாபைட்டு எல்2வைப் பகிர்கின்றன. 2023இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 9 7945எச்எக்ஸ்3டி என்னும் மடிக்கணினிச் செயலியில், கேச் சில்லு ஒன்றைச் செயலிச் சில்லின்மேல் அடுக்கி, எல்3 அளவை 128 மெகாபைட்டாக உயர்த்தினர்.

ரெஜிஸ்ட்ரி நம்பிக்கை

பயாஸ் வரிகள் மறைந்த காலத்தில் ஒரு புதிய அறிவுரை பரவியது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'செகண்ட்லெவல்டேட்டாகேச்' என்ற பதிவின் மதிப்பு 0 என்று இருக்கும். அதை 512 அல்லது 1024 என்று செயலியின் எல்2 அளவுக்கு மாற்றினால் கணினி வேகம் பெறும் என்பதே அந்த அறிவுரை. 0 என்று இருப்பதால் விண்டோஸ் எல்2வைப் பயன்படுத்தவே இல்லை என்று பலர் நம்பினர்.

உண்மை வேறு. கேச்சை இயக்குவது விண்டோஸின் அந்தப் பதிவு அன்று. 0 என்பதன் பொருள், 'அளவை வன்பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொள்' என்பதே. அந்த வழியில் அளவு தெரியாவிட்டால் மட்டும் விண்டோஸ் 256 கிலோபைட்டு என்று எடுத்துக்கொள்ளும். பென்டியம் 2க்கு முந்தைய சில பழைய கணினிகளுக்காக வைக்கப்பட்ட பதிவு அது. பிந்தைய செயலிகளில் அந்தப் பதிவால் பயனில்லை என்று மைக்ரோசாப்டு விளக்கியது. எனினும் அந்த அறிவுரை பல ஆண்டுகள் கைமாறி வந்தது. மாற்றம் செய்தவர் கணினியை மறுதொடக்கம் செய்வார். மறுதொடக்கத்துக்குப் பின் கணினி சற்றுச் சுறுசுறுப்பாகத் தோன்றுவது இயல்பு. அந்தப் பெயர் பதிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்மைக் காலச் சிக்கல்கள்

அமைப்புகள் பயனர் கையை விட்டுப் போனதால் கேச் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. அவற்றைத் தீர்க்கும் இடம்தான் மாறியது.

2008இல் வெளியான லினக்சு கரு ஒன்று, பயாஸ் செய்த தவற்றைச் சரிபார்க்கும் வசதியைப் பெற்றது. நினைவகத்தின் எந்தப் பகுதியைக் கேச் செய்யலாம் என்று செயலிக்குச் சொல்வது பயாஸின் வேலை. ரேம் அதிகமாக இருந்த சில கணினிகளில் பயாஸ் ஒரு பகுதியை விட்டுவிட்டது. அப்பகுதியில் இயங்கிய நிரல்கள் நத்தையாக நகர்ந்தன. எனவே அத்தகைய பகுதியைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டு, எச்சரிக்கைச் செய்தி தரும்படி லினக்சு மாற்றப்பட்டது. 64 மெகாபைட்டுக் கதை வேறு வடிவில் திரும்பியது எனலாம். முறையான தீர்வு பயாஸைப் புதுப்பிப்பதே.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தன. ஒரு தரவு கேச்சில் இருக்கிறதா இல்லையா என்பதை, அதை எடுக்க ஆகும் நேரத்தைக் கொண்டே அறியலாம். அந்த நேர வேறுபாட்டை வைத்து மறைவான தகவல்களைக் கறக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். தடுக்க வந்த திருத்தங்கள் சில வேலைகளில் வேகத்தைக் குறைத்தன. பாதுகாப்புக்காகக் கொடுத்த விலை அது.

2019 டிசம்பரில் வெளிவந்த பிளண்டர்வோல்ட் என்னும் குறை மடிக்கணினிப் பயனர்களை நேரடியாகத் தொட்டது. கருவுக்கும் கேச்சுக்கும் தரும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, வெப்பத்தைத் தணிக்கும் வழக்கம் பலரிடம் இருந்தது. அந்த வசதியைக் கொண்டே தாக்குதல் நடத்தலாம் என்று தெரிந்ததும், பல மடிக்கணினிகளில் பயாஸ் புதுப்பிப்பு அதைப் பூட்டிவிட்டது.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது ரைசன் செயலிகளில் எல்3 கேச்சின் தாமதம் ஏறத்தாழ மூன்று மடங்காகக் கூடியது. சில பயன்பாடுகள் 3 முதல் 5 விழுக்காடு வரையும், சில விளையாட்டுகள் 10 முதல் 15 விழுக்காடு வரையும் மெதுவாகலாம் என்று ஏஎம்டி தெரிவித்தது. அதே மாதம் மைக்ரோசாப்டு திருத்தம் வெளியிட்டது. இங்கும் பயனர் மாற்ற வேண்டிய அமைப்பு எதுவும் இல்லை. புதுப்பிப்பை நிறுவுவதே தீர்வாக இருந்தது.

இன்றைய மடிக்கணினியில் கண்டறியும் முறை

இன்றைய மடிக்கணினிகளின் பயாஸில் கேச்சை நிறுத்தும் வரி பெரும்பாலும் இருப்பதில்லை. மின்சாரம் வந்து செயலி விழிக்கும் கணத்தில் கேச் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டிருக்காது. பயாஸ்தான் அதை இயக்கிவிட்டு இயங்குதளத்தை அழைக்கிறது. எனவே மாணவர் செய்ய வேண்டியது அமைப்பைத் தேடுவதன்று, நிலையை அறிவதே.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் செயலியைத் தேர்ந்தெடுத்தால் எல்1, எல்2, எல்3 அளவுகள் தெரியும். லினக்சில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளை அவற்றைக் காட்டும். இங்கு ஒரு குழப்பம் நேரலாம். டாஸ்க் மேனேஜர் எல்லாக் கருக்களின் கூட்டுத்தொகையைக் காட்டுகிறது. நான்கு கருச் செயலியில் ஒவ்வொரு கருவுக்கும் கட்டளைகளுக்கு 32, தரவுக்கு 32 என 64 கிலோபைட்டு எல்1 இருந்தால், திரையில் 256 கிலோபைட்டு என்று தெரியும். விவரத்தாளில் ஒரு கருவுக்கான அளவு மட்டும் அச்சிடப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றே.

அளவு சரியாக இருந்தால் மந்தத்துக்குக் காரணம் வேறு இடத்தில் உள்ளது. அதே பக்கத்தில் செயலியின் அப்போதைய வேகத்தைக் கவனிக்க வேண்டும். வேலை நடக்கும்போது அது அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்து கிடந்தால், வெப்பமோ மின்வழங்கலோ காரணமாக இருக்கலாம். விசிறியில் தூசி, காய்ந்துபோன வெப்பப் பசை, பொருந்தாத மின்னேற்றி, மின்சிக்கன முறை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். ரேம் ஒரே அட்டையாக இருப்பது, சுழலும் வன்வட்டு, பின்னணியில் ஓடும் நிரல்கள் ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை.

கேச் உண்மையிலேயே பழுதானால் அது வேகக் குறைவாக அல்லாமல், பெரும்பாலும் திடீர் நிறுத்தமாகவோ மறுதொடக்கமாகவோ வெளிப்படும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கேச் ஹைரார்க்கி எர்ரர்' என்ற பிழை பதிவாகியிருக்கலாம். மின்னழுத்தத்தையோ கடிகார வேகத்தையோ யாரேனும் மாற்றியிருந்தால் முதலில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பின்னும் பிழை தொடர்ந்தால் பழுது வன்பொருளில் இருக்கக்கூடும். செயலி பெரும்பாலான மடிக்கணினிகளில் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், சேவை மையத்தை நாடுவதே வழி.

486 காலத்தில் பயாஸ் வரி ஒன்றை மாற்றிக் கணினியை மீட்டவர்களின் அறிவுரை அன்று சரியானது. வெளிக் கேச்சும் அந்த வரியும் இன்று இல்லை. ஆனால் போலிச் சில்லுகளை வெளிப்படுத்திய அன்றைய பழக்கம், அதாவது ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் பழக்கம், இன்றைய மடிக்கணினிக்கும் அப்படியே பொருந்துகிறது.